தெரு மரங்களுக்கும் ஒரு பதிவேடு

2002-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் டெட்ராய்ட் நகரை ஒட்டிய பகுதிகளில் ஆஷ் மரங்கள் காய்ந்துகொண்டே வந்தன. காரணத்தைத் தேடியபோது, பளபளக்கும் பச்சை நிறத்தில் ஒரு சிறு வண்டு அகப்பட்டது. ஆசியாவிலிருந்து வந்த சரக்குகளைக் கட்டிய மரச்சட்டங்களோடு அது அமெரிக்காவுக்குள் நுழைந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. வண்டின் புழுக்கள் பட்டைக்கு அடியில் குடைந்து, நீரும் உணவும் ஓடும் பாதையை அறுத்துவிடுகின்றன. சில ஆண்டுகளுக்குள் மரம் பட்டுப்போகிறது. இப்படிக் கோடிக்கணக்கான மரங்கள் மடிந்தன.

சிறு நகரங்கள்தான் இதில் திணறிப்போயின. 1930-இல் அமெரிக்காவில் முதலில் கண்டறியப்பட்ட ஒரு பூஞ்சை நோய், தெருக்களுக்கு நிழல் தந்த எல்ம் மரங்களை அழித்திருந்தது. அந்த இடங்களில் பல ஊர்கள் வரிசை வரிசையாக ஆஷ் மரத்தையே நட்டன. ஆகவே வண்டு வந்தபோது தெருத் தெருவாக நிழல் போயிற்று.

வண்டு தாக்கிய மரத்தைக் காப்பாற்ற வழி இல்லாமல் இல்லை. அடிமரத்தில் ஊசிவழி மருந்து செலுத்தினால் மரம் பிழைக்கும். ஆனால் பாதிப்பு முற்றுவதற்கு முன்பே செலுத்த வேண்டும், இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை தொடரவும் வேண்டும். பட்டுப்போன ஆஷ் எளிதில் முறியும் என்பதால், வெட்டத் தாமதித்தால் ஆபத்தும் செலவும் கூடும். எதைக் காப்பது, எதை முதலில் வெட்டுவது, எத்தனை ஆண்டுகளில் செலவைப் பிரிப்பது என்று முடிவெடுக்க, ஊரில் எத்தனை ஆஷ் மரங்கள் எங்கெங்கே நிற்கின்றன என்று தெரிந்திருக்க வேண்டும். மரப் பதிவேடு வைத்திருந்த ஊர்களிடம் அந்த விடை தயாராக இருந்தது.

எதை எழுதிக்கொள்கிறார்கள்?

தெருவோரம், பூங்கா, பள்ளி வளாகம் போன்ற பொது இடங்களில் நிற்கும் ஒவ்வொரு மரமும் கைப்பேசியின் ஜிபிஎஸ் மூலம் வரைபடத்தில் குறிக்கப்படுகிறது. கூடவே இனம், தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் அளந்த அடிமர விட்டம், பொந்து, வெடிப்பு, காய்ந்த கிளை, மேலே செல்லும் மின்கம்பி ஆகியவையும் பதிவாகின்றன. மரம் நடத் தகுந்த வெற்றிடங்களையும் குறித்துக்கொள்கிறார்கள்.

எல்லா மரங்களையும் எண்ண வசதியில்லாத ஊர்கள், சில தெருக்களை மட்டும் மாதிரியாக எடுத்துக்கொள்வதுண்டு. வண்டியில் மெதுவாகச் சென்றபடி ஆபத்தான மரங்களை மட்டும் குறிப்பதும் உண்டு. அமெரிக்க வனத்துறை 2006-இல் வெளியிட்ட ‘ஐ-ட்ரீ’ என்ற இலவச மென்பொருளில் இந்த விவரங்களை இட்டால், மரங்கள் தடுத்து நிறுத்தும் மழைநீர், அகற்றும் காற்று மாசு, சேமிக்கும் கரிமம் ஆகியவற்றின் மதிப்பீடு கிடைக்கிறது. நகர மன்றத்தில் மரத்துக்கு நிதி கேட்பவர்களுக்கு இது பெரிய துணை.

பதிவேட்டிலிருந்துதான் வேலைப்பட்டியல் பிறக்கிறது. பள்ளி வாசலில் வெடித்து நிற்கும் கிளைக்கு முதலிடம். ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் அதேபோல் நிற்கும் கிளை காத்திருக்கலாம். இளம் மரங்களைச் சிறு வயதிலேயே கவாத்து செய்துவிட்டால், பின்னாளில் பெருங்கிளைகளை அறுக்கும் செலவு குறையும்.

பணமும் பொறுப்பும்

தனி மர வல்லுநரை வைத்துக்கொள்ளச் சிற்றூர்களால் முடியாது. 1976-இல் தொடங்கிய ‘ட்ரீ சிட்டி யுஎஸ்ஏ’ திட்டம் அவற்றுக்கு ஒரு சட்டகத்தைக் கொடுத்தது. நிபந்தனைகள் நான்கு: மரங்களுக்குப் பொறுப்பான குழு அல்லது துறை, மரப் பாதுகாப்பு விதி, தலைக்கு ஆண்டுக்குக் குறைந்தது 2 டாலர் செலவு, ஆண்டுதோறும் மர நாள் விழா. 2,000 பேர் வாழும் ஊருக்கு இது 4,000 டாலர்தான். அந்தத் திட்டத்தில் இன்று 3,000-க்கும் மேற்பட்ட ஊர்கள் இருக்கின்றன.

எதை நடுவது என்பதற்கு, அமெரிக்கத் தேசிய மரப்பூங்காவின் விஞ்ஞானி ஃபிராங்க் சாண்டமோர் 1990-இல் ஓர் அளவுகோலைச் சொன்னார். ஊர் மரங்களில் ஒரே இனம் 10 சதவீதத்தையும், ஒரே பேரினம் 20 சதவீதத்தையும், ஒரே குடும்பம் 30 சதவீதத்தையும் தாண்டக் கூடாது. எல்ம் தந்த பாடத்தின் சாரம் அது; பின்னாளில் ஆஷும் அதே பாடத்தைத்தான் தந்தது. பதிவேடு இல்லாத ஊரால் இந்தச் சதவீதத்தைக் கணக்கிடவே முடியாது.

நம் ஊர்களுக்கு

இந்தியாவில் மகாராஷ்டிரம் 1975-லேயே நகர்ப்புற மரங்களுக்குத் தனிச் சட்டம் இயற்றியது. மர ஆணையம் அமைப்பதையும், ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மரக் கணக்கெடுப்பு நடத்துவதையும் அது உள்ளாட்சிகளின் கடமையாக்கியது. மாநகராட்சிகளோடு சிறிய நகராட்சிகளுக்கும் அது பொருந்தும்.

தமிழ்நாட்டின் பசுமைப் பரப்பை 33 சதவீதமாக உயர்த்தும் இலக்கோடு 2022-இல் பசுமைத் தமிழகம் இயக்கம் தொடங்கப்பட்டது. நட்ட கன்று பிழைத்ததா என்பதைச் சொல்லவும் பதிவேடுதான் வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவில் எண்ணற்ற மரங்களைச் சாய்த்தது. எந்த இனம் விழுந்தது, எது தாங்கியது என்ற கணக்கு தெருவாரியாக இருந்தால், அடுத்து நட வேண்டியது வேம்பா, புங்கனா, பூவரசா என்பதை ஊரே தன் அனுபவத்தைக் கொண்டு முடிவுசெய்யலாம்.

ஒரு பேரூராட்சி இதற்காகப் பெரும் நிதியை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. தாவரவியல் படிக்கும் கல்லூரி மாணவர்கள், ஊரில் மரம் அறிந்த பெரியவர்கள், சில கைப்பேசிகள் இருந்தால் முதல் வார்டை எண்ணிவிடலாம். கடினமான வேலை அதற்குப் பிறகுதான். ஒரு மரம் நடப்படும்போதும் வெட்டப்படும்போதும் அன்றே திருத்தி எழுத, பெயர் குறிப்பிட்டு ஓர் அலுவலரைப் பொறுப்பாக்க வேண்டும். அப்படித் திருத்தப்படாத பதிவேடு சில ஆண்டுகளிலேயே பயனற்றுப் போகும்.