சும்மா இருக்கிற நேரத்துல...

நான் பிறந்தது பெரம்பலூர், வாழ்க்கைப்பட்டது அரியலூர். ஒரே மாவட்டமாக இருந்து 2007-ல் தனித்தனியாகப் பிரிந்த ஊர்கள். அம்மா வீட்டுக்குப் பஸ்ஸில் போகும்போது குரோஷாவில் இரண்டு பூவாவது பின்னிவிடுவேன்.

எட்டாவது படிக்கும்போது தையல் டீச்சர் கற்றுக்கொடுத்தது. கல்யாணமாகி வந்தபோது புடவைகளோடு கொக்கி ஊசியும் பெட்டியில் வந்தது. "இந்த வெயிலுக்குக் கம்பளி நூலா?" என்று மாமியார் சிரித்தார். பருத்தி நூலுக்கு மாறினேன். சிமென்ட் லாரிப் புழுதி படியாமல் டி.வி.க்குக் கவர் போட்டால், "ஓட்டை ஓட்டையா இருக்கே, புழுதி உள்ள போகாதா?" என்றார் மாமனார். நியாயமான கேள்விதான்! அடியில் துணி வைத்துத் தைத்தேன்.

இரண்டு ஊசி ஸ்வெட்டர் பின்னலும் எனக்குத் தெரியும். ஆனால் அதில் ஒரு வரிசைக் கண்ணி முழுவதும் ஊசியிலேயே நிற்கும். ஊசி உருவிக்கொண்டால் போச்சு. குரோஷாவில் ஒரே ஒரு கண்ணிதான் கொக்கியில் இருக்கும். குக்கர் விசில் அடித்தால் அப்படியே வைத்துவிட்டு ஓடலாம். நம்மைப் போன்றவர்களுக்கென்றே கண்டுபிடித்த மாதிரி இருக்கும்.

இத்தனை வருஷமாகக் குழந்தைத் தொப்பி, ஆரத்தித் தட்டு விரிப்பு, சோபா கவர் என்று சொந்தபந்தம் எல்லாருக்கும் சும்மாவே கொடுத்து வந்தேன். போன வருஷம் சின்ன மாமியார், மகள் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு வாசல் தோரணம் கேட்டார். நூல் மட்டும் 240 ரூபாய். தினம் மூன்று மணி நேரம் என்று நான்கு நாள் உட்கார்ந்தேன். அவர் 200 ரூபாயை நீட்டி, "சும்மா இருக்கிற நேரத்துல பண்றதுதானேம்மா" என்றார்.

பணம்கூடப் பெரிதில்லை. அந்த 'சும்மா'தான் குத்தியது. வாழ்க்கையில் முதல் தடவையாக, "வேணாம் அத்தை, தோரணம் இங்கயே இருக்கட்டும்" என்றேன். வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

சென்னையில் இருக்கும் என் மகளிடம் போனில் புலம்பினேன். அவள்தான் ஆந்திராவில் நரசாபூர் என்ற ஊரைப் பற்றிச் சொன்னாள். அந்தப் பக்கத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் குரோஷா லேஸ் பின்னுகிறார்கள். 19-ம் நூற்றாண்டில் வெள்ளைக்கார மிஷனரிகள் சொல்லிக்கொடுத்த வேலை. வெளிநாட்டுக்கெல்லாம் ஏற்றுமதி ஆகிறது. மரியா மீஸ் என்ற ஜெர்மன் அம்மா அங்கேயே போய் ஆராய்ந்து, 1982-ல் புத்தகம் போட்டிருக்கிறார். நாள் முழுக்கப் பின்னினாலும் அந்தப் பெண்களை யாரும் தொழிலாளி என்று எண்ணவில்லையாம். வீட்டுப் பெண்கள் பொழுதுபோக்காகச் செய்வது என்று சொல்லியே கூலியை அடிமாட்டு விலைக்கு வைத்திருந்தார்களாம். கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் சின்ன மாமியார் சொன்ன அதே வார்த்தை! அந்த லேசுக்கு 2024-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. கூலி எவ்வளவு கூடியது என்பதைப் பின்னுகிறவர்கள்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் மகள் சொன்னாள். திருப்பூரில் பனியன் துணியை மெஷின் பின்னிவிடும். நிஜக் குரோஷாவை மெஷினால் பின்ன முடியாதாம். மெஷின் லேஸ் என்று விற்பதெல்லாம் வேறு பின்னல். அப்படியென்றால் கடையில் 300 ரூபாய்க்குத் தொங்கும் குரோஷா டாப்ஸுக்குப் பின்னாலும் யாரோ ஒருத்தியின் விரல்கள் இருக்கின்றன. 2016 ஜனவரியில் சென்னையில் பெண்கள் சேர்ந்து 11,148.5 சதுர மீட்டருக்குக் குரோஷா போர்வை செய்து கின்னஸ் சாதனை படைத்தார்களே, அதுவும் ஒவ்வொரு கண்ணியாகக் கையால் போட்டதுதான்.

இப்போது பழைய டைரி ஒன்றில் நூல் விலை, உட்கார்ந்த நேரம் இரண்டையும் எழுதி வைக்கிறேன். குழந்தைகளுக்குப் பின்னுவதற்கு மட்டும் கணக்குக் கிடையாது.

தோரணம் எங்கள் வாசலில்தான் தொங்குகிறது. போன மாதம் சின்ன மாமியார் வந்தார். தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எனக்கும் இதே மாதிரி ஒண்ணு போடேன்" என்றார்.

"போட்டுடலாம் அத்தை" என்று சொல்லி, காபி டம்ளரோடு டைரியையும் கொண்டுபோய் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். "பன்னெண்டு மணி நேரமா ஆகுது?" என்றார்.

- ஒரு வாசகி, அரியலூர்.