தண்ணீரில் இறங்கிய பேட்டரி கார்

கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது 1902-ல். சிவசமுத்திரத்தில் காவிரி விழும் இடத்திலிருந்து ஏறத்தாழ 147 கி.மீ. தூரம் கம்பி இழுத்துக் கொண்டுவந்தார்கள். பெங்களூரில் மின்விளக்கு எரிந்தது அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்துத்தான். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கங்கள் மூடப்பட்டன. தண்ணீர் இறைப்பது நின்றதும், மூன்று கி.மீ.க்கும் கீழே இறங்கிய குழிகளில் நீர் ஏறத் தொடங்கியது. மின் இயந்திரமும் தண்ணீரும் எப்படிப் பழகும் என்று யோசிக்க இதைவிடப் பொருத்தமான ஊர் இல்லை.

இங்கே வெள்ளைக்காரர்கள் கோல்ஃப் விளையாடினார்கள். அந்த விளையாட்டுக்காகப் பரவிய சிறு மின்வண்டியின் உறவுதான் சென்னை சென்ட்ரலிலும் வண்டலூர் பூங்காவிலும் நாம் ஏறும் பேட்டரி கார். மழை கொட்டித் தேங்கிய நீரில் அது இறங்கினால் என்ன ஆகும்?

முதலில் ஓடும். அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பெட்ரோல் என்ஜினுக்கு மூச்சுக் காற்று வேண்டும். காற்றோடு தண்ணீரை உறிஞ்சினால் பிஸ்டன் அடிபட்டு நின்றுவிடும். மின் மோட்டாருக்கு அந்தத் தேவை இல்லை. ஆனால் பல வண்டிகளில் மோட்டார் பின் ஆக்ஸிலோடு சேர்ந்தே இருக்கிறது. சக்கரத்தின் நடுவரைக்கும் நீர் வந்தாலே மோட்டார் நனையத் தொடங்கிவிடும். எனவே அந்த அளவுக்கு மேல் நீர் நின்றால் சுற்றி வேறு வழியில் போவதே நல்லது. இறங்கித்தான் ஆக வேண்டுமென்றால் நடை வேகத்தில், அலை எழாமல் ஓட்ட வேண்டும்.

கரையேறிய பிறகுதான் உண்மையான சேதம் நடக்கிறது. தண்ணீரைப் பிரிக்க 1.23 வோல்ட் போதும். பேட்டரி காரிலோ பெரும்பாலும் 48 வோல்ட். சேற்று நீரில் கரைந்த உப்புகள் மின்சாரத்தைக் கடத்துகின்றன. ஈரம் படிந்த இடத்தில் பாசிட்டிவ் பக்கத்துச் செம்பு மெல்ல மெல்லக் கரைந்து, பச்சைப் படிவாகிறது. சாவியை அணைத்துவிட்டாலும், பேட்டரி இணைப்பில் இருக்கும் வரை மின்னழுத்தம் உள்ள கம்பிகளில் இந்த அரிப்பு நிற்காது. ஆகவே கரையேறியதும் முதல் வேலை பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றுவது. ஓடுகிறதா என்று சாவியைத் திருப்பிப் பார்க்கும் ஆசையையும், உடனே சார்ஜில் போடும் அவசரத்தையும் அடக்க வேண்டும்.

தங்கவயலில் இன்னொரு தொல்லையும் சேரும். தாதுவைப் பொடியாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்த பிறகு கொட்டிய கழிவு மேடுகள் ஊரைச் சூழ்ந்து நிற்கின்றன. 3 கோடி டன்னுக்கும் மேல். சயனைடு தங்கத்தைத் தொட வேண்டும் என்பதற்காகவே அவ்வளவு நுண்ணிதாக அரைத்தார்கள். அந்தப் பொடி மழைநீரில் கலந்து வந்தால், கிரீஸோடு சேர்ந்து பேரிங்கை உள்ளிருந்தே தேய்க்கும். அதனால் நல்ல தண்ணீரால் அடிப்பகுதியைக் கழுவுவது கட்டாயம். அதிக அழுத்தத்தில் பீய்ச்சக் கூடாது, அது ஈரத்தைச் சீல்களைத் தாண்டி உள்ளே தள்ளிவிடும்.

அமில பேட்டரி நனைந்ததாலேயே கெடுவதில்லை. மூடி வழியாக வெள்ளநீர் செல்லுக்குள் போனால்தான் கேடு. அமிலம் நீர்த்துவிடும், நீரில் வந்த இரும்பும் குளோரைடும் சார்ஜைத் தானாகவே வடியவைக்கும். அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் முழு சார்ஜில் 1.265-க்கும் 1.28-க்கும் இடையில் காட்ட வேண்டும். ஒரு செல்லில் மட்டும் குறைந்தால் அங்கே சந்தேகப்படலாம். மேற்புறத்தைச் சமையல் சோடா கரைத்த நீரால் துடைக்கலாம், மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கும் என்பதால் திறந்த இடத்தில் வைத்துச் சார்ஜ் செய்ய வேண்டும்.

லித்தியம் பேட்டரி வேறு கதை. ஐபி67 முத்திரை என்றால் ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள், அதுவும் சுத்தமான நன்னீரில். 2022 செப்டம்பரில் இயன் புயலின்போது புளோரிடாவில் கடல்நீரில் மூழ்கிய மின்கார்கள் சில, நீர் வடிந்து நாட்கள் கழித்துத் தீப்பிடித்தன. மூழ்கிய லித்தியம் பேட்டரி வண்டியை வீட்டை ஒட்டினாற்போல் நிறுத்தக் கூடாது.

மோட்டாருக்குள் கார்பன் பிரஷ்ஷிலிருந்து உதிர்ந்த கரித்தூள் ஈரத்தோடு குழைந்தால் மின்சாரம் கடத்தும் பசையாகிவிடும். காற்றடித்து உலர்த்தி, மின்காப்பைச் சோதிக்கும் மெகர் கருவியைப் போட்டுப் பார்த்த பிறகே இணைப்புக் கொடுக்க வேண்டும்.

எல்லாரும் மறப்பது பின் ஆக்ஸிலின் கியர் ஆயில். ஓடிச் சூடான ஆக்ஸில் குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, வென்ட் வழியாகவும் சீல் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். வடித்துப் பார்த்தால் பால் கலந்த தேநீர் நிறம். அப்படியிருந்தால் ஆயிலை மாற்றி, சிறிது தூரம் ஓட்டி, மறுபடியும் வடித்துப் பார்க்க வேண்டும். ஒரே மாற்றத்தில் எல்லா நீரும் வெளியே வராது. பிரேக் ஷூக்கள் காயும்வரை ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைக்காதீர்கள். டிரம்மில் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டால் மறுநாள் சக்கரம் அசையாது.