அவரை இன்னும் பூக்கவில்லை

புரட்டாசி பிறந்து பத்து நாள் ஆகிறது. திண்டுக்கல்லில் எங்கள் வீட்டுக் கொல்லையில் அவரைக் கொடி பந்தலை மூடிவிட்டது. ஒரு பூ கூட இல்லை. ஆடிப் பதினெட்டு அன்று பந்தல் காலுக்கு மூன்று விதையாக ஊன்றியது அது. அன்றைக்கே ஊன்றிய வெண்டை காய்த்து, நாலைந்து முறை குழம்புக்கும் ஆகிவிட்டது.

புதிதாகத் தோட்டம் போடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் பதறுவார்கள். சத்துப் பற்றவில்லை என்று சாணி உரத்தையும் புண்ணாக்கையும் கொண்டுவந்து கொட்டுவார்கள். தழைதான் இன்னும் அடர்ந்து வரும். கல்யாணமாகி வந்த முதல் வருடம் நானும் அப்படித்தான் செய்தேன். "பனி எறங்கட்டும்த்தா, தானா பூக்கும்" என்றார் என் மாமியார்.

பனி இறங்கும் காலம் இரவு நீளும் காலம். பந்தலில் ஏறும் நாட்டு அவரை காத்திருப்பது அந்த நீண்ட இருட்டுக்குத்தான். நம் பக்கம் ஆனியில் பகல் ஏறக்குறைய 12 மணி 40 நிமிடம். மார்கழியில் பதினொன்றரை மணி நேரம். வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவே. செப்டம்பர் 22, 23 வாக்கில் இரவும் பகலும் சமமாகி, பிறகு இரவு மிஞ்சத் தொடங்கும். நாம் கவனிக்காத அந்தச் சில நிமிடங்களை அவரை இலை அளந்துவிடுகிறது.

செடிகளின் இந்தக் கணக்கை 1920இல் அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த கார்னர், அல்லார்டு என்ற இருவர் எழுதி வெளியிட்டார்கள். கோடையில் பூக்காமல் வளர்ந்துகொண்டே போன ஒரு புகையிலை ரகத்தை, தினமும் சில மணி நேரம் இருட்டறையில் வைத்துப் பூக்கச் செய்தார்கள். இப்படிப்பட்ட செடிகளுக்கு இரவு இடையில் அறுபடக் கூடாது என்பது பின்னால் தெரியவந்தது.

அதை என் பந்தலிலேயே பார்த்தேன். நான்கு வருடம் முன்பு எங்கள் சந்தில் வெள்ளை எல்.இ.டி. விளக்கு வந்தது. அந்தக் கார்த்திகையில் வீட்டை ஒட்டிய பாதிப் பந்தல் ஊதாப் பூவாக நின்றது. தெருப் பக்கத்துப் பாதி, இலை தவிர வேறொன்றும் இல்லாமல் பச்சையாகக் கிடந்தது. பூச்சியா, வேரில் கோளாறா என்று மண்ணைக் கிளறிக்கூடப் பார்த்தேன். ஒருநாள் ராத்திரி கொல்லைக்குப் போனபோதுதான், விளக்கு வெளிச்சம் எதுவரை விழுகிறதோ அதுவரை பூ இல்லை என்பது கண்ணில் பட்டது. விளக்கை எடுக்கச் சொல்ல மனம் வரவில்லை. வேலை முடிந்து பெண்பிள்ளைகள் நடந்து வரும் சந்து அது. கோணிப்பைகளைப் பிரித்துத் தைத்து, இரண்டு மூங்கிலுக்கு நடுவே திரையாகக் கட்டினேன்.

காத்திருக்க முடியாதவர்கள் செடி அவரை போடலாம். பகல் நீளத்தைப் பார்க்காமல் எல்லாப் பட்டத்திலும் காய்க்கும் ரகங்களைக் கோவை வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்டிருக்கிறது. ஆனால் மார்கழிப் பனியில் பறித்த பந்தல் அவரையின் மணம் அதற்கு வராது என்பேன்.

பூ வந்தால் அசுவினியும் வரும். ஈர இலையில் காலையில் அடுப்புச் சாம்பல் தூவுவேன். பொறிவண்டு கண்ணில் பட்டால் தூவமாட்டேன், அசுவினியை அதுவே தின்றுவிடும்.

இப்போதைக்குத் தினமும் கணுக்களைப் பார்க்கிறேன். ஈர்க்குச்சி போல நிமிர்ந்து ஒரு காம்பு எழ வேண்டும். எழவில்லை. இன்று மாலை ஆறேகாலுக்குக் கோணித் திரையை இறக்கிவிட்டு வந்தேன்.