ஒரே செல்லில் 2 ஹார்மோன்: ஒண்ணு பசியைக் குறைக்கும், இன்னொண்ணு குடலை வளர்க்கும்! ஜிஎல்பி-2 என்பது என்ன?

2022-ல் சென்னை குரோம்பேட்டை ரேலா மருத்துவமனையில், பெங்களூருவைச் சேர்ந்த 4 வயது சிறுவனுக்கு அப்பாவின் சிறுகுடலில் ஒரு பகுதியை எடுத்துப் பொருத்தினார்கள். குடல் முறுக்கிக்கொண்டதால் செயலிழந்துபோன குழந்தை அது.

குடல் போனால் மாற்று அறுவை சிகிச்சை மட்டும்தான் வழியா? இல்லை. ஓரளவு குடல் மிஞ்சியிருந்தால், அதன் உள்சுவரையே வளர வைக்கலாம். அதற்கு உதவுவது நம்ம உடம்பிலேயே சுரக்கும் ஜிஎல்பி-2 ஹார்மோன்.

டர்க்கி டவலில் நூல் நூலா நிற்குமே, சிறுகுடலின் உள்சுவரும் அப்படித்தான். அந்த நூல்கள்தான் சத்தை இழுக்கும் குடலுறிஞ்சிகள். அடியில் புது செல்கள் பிறந்து மேலே ஏறும், நுனியில் பழசு உதிரும். 3 முதல் 5 நாளில் மொத்தமும் புதுசு!

நாம சாப்பிட்டதும் குடலில் உள்ள எல் செல்கள் ஜிஎல்பி-1, ஜிஎல்பி-2 இரண்டையும் சேர்த்தே சுரக்கின்றன. முதலாவது பசியை அடக்கும். இப்போ பரபரப்பாகப் பேசப்படும் உடல் எடை குறைப்பு ஊசிகள் இதைப் பின்பற்றியவைதான். இரண்டாவது, குடல் செல்களைப் பெருக வைக்கும், ரத்த ஓட்டத்தைக் கூட்டும்.

சாப்பாடே போகாவிட்டால் இந்த சிக்னல் குறையும், உள்சுவர் மெலியும். ஆபரேஷனுக்குப் பிறகு முடிந்தவரை சீக்கிரம் வாய் வழியாகவோ டியூப் வழியாகவோ உணவைத் தொடங்க டாக்டர்கள் பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம். (ஒரகடம், வாலாஜாபாத் பக்கம் நைட் ஷிப்டில் ஒருவேளை சாப்பாடு தவறினால் குடல் சுருங்கிடுமோன்னு பயப்பட வேண்டாம். இது பல நாள் டிரிப்ஸிலேயே இருப்பவர்களின் பிரச்னை.)

இதற்கான முதல் துப்பு 1971-ல் கிடைத்தது. பிரிட்டனில் ஒரு பெண்ணின் சிறுநீரகத்தில் ஹார்மோன் சுரக்கும் கட்டி. அவரது குடலுறிஞ்சிகளோ வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தன. கட்டியை அகற்றியதும் குடல் பழைய நிலைக்குத் திரும்பியது. இதற்குக் காரணமான ஹார்மோன் எது என்பது புரிய 25 ஆண்டுகள் ஆனது. 1996-ல் டொரண்டோவைச் சேர்ந்த டேனியல் டிரக்கர் குழு, ஜிஎல்பி-2 கொடுத்த எலிகளின் சிறுகுடல் வளர்வதைக் காட்டியது.

அதைப் போலவே வேலை செய்யும் டெடுகுளுடைடு ஊசிக்கு 2012 டிசம்பரில் அமெரிக்கா அனுமதி தந்தது. தினமும் போட வேண்டும். சிலருக்கு வாரத்தில் டிரிப்ஸ் ஏற்றும் நாட்கள் குறைகின்றன, சிலர் டிரிப்ஸை முழுசா நிறுத்தியும் இருக்கிறார்கள்.

அப்போ குடல் ஆரோக்கியத்துக்கு எல்லோரும் போட்டுக்கலாமா? கூடாது. குடலின் பெரும்பகுதியை இழந்தவர்களுக்கான மருந்து இது. வளர்க்கும் ஹார்மோன் புற்றுநோய் செல்லையும் தூண்டிவிடலாம் என்பதால், பெரியவர்களுக்கு ஊசியைத் தொடங்கும் முன்பே பெருங்குடலில் கேமரா விட்டு, கட்டி ஏதும் இருக்கிறதா என்று பார்த்துவிடுகிறார்கள்.