ஒளிப்பிரிகையில் மிகைச் சக்தி: எந்தத் துண்டுக்கு எவ்வளவு?

மூலக்கூறொன்று ஒளியை உறிஞ்சித் துண்டுகளாகப் பிரிவது ஒளிப்பிரிகை எனப்படும். போட்டனின் சக்தி, பிணைப்பை உடைக்கத் தேவையான சக்தியிலும் கூடுதலாயின் மிகுதி எங்கே செல்லும்? "இரு துண்டுகளுக்கும் சமமாக" என்றோ "பாரமான துண்டுக்கே கூடுதலாக" என்றோ எழுதிவிடாதீர்கள். இரண்டும் பிழையானவை.

உதாரணமாக, 266 நனோமீற்றர் அலைநீளமுள்ள கழியூதாக் கதிரால் ஐதரசன் அயடைட்டு வாயு பிரிவதைக் கருதுக.

போட்டன்களின் சக்தி = 450 கிலோயூல்/மூல்
பிணைப்புப் பிரிகைச் சக்தி = 295 கிலோயூல்/மூல்
எனவே மிகைச் சக்தி = 155 கிலோயூல்/மூல்
(பெறுமானங்கள் அண்ணளவானவை.)

படி 1: உந்தக் காப்பு
தொடக்கத்தில் மூலக்கூறு ஓய்விலுள்ளதெனக் கொள்க. அப்போது மொத்த உந்தம் பூச்சியம். ஆகவே பிரிந்த இரு அணுக்களும் சம பருமனுள்ள உந்தங்களுடன் எதிரெதிர்த் திசைகளில் செல்லும்.

படி 2: சக்திப் பங்கீடு
இயக்கப்பாட்டுச் சக்தி = (உந்தம்)² ÷ (2 × திணிவு)

உந்தங்கள் சமமாதலால், இச்சக்தி திணிவுக்கு நேர்மாறு விகிதசமமாகும். சார்பணுத்திணிவுகள் ஐதரசன் 1, அயடீன் 127. எனவே ஐதரசன் பெறுவது 127/128 பங்கு, அதாவது ஏறத்தாழ 154 கிலோயூல்/மூல். அயடீனுக்குக் கிடைப்பது 1/128 பங்கு, ஏறத்தாழ 1.2 கிலோயூல்/மூல் மாத்திரமே. ஐதரசன் அணுவின் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 17.5 கிலோமீற்றர்!

படி 3: அகச் சக்தி
மிகைச் சக்தி முழுவதும் எப்போதும் இயக்கமாக மாறுவதில்லை. அயடீன் அணுக்களுள் ஒரு பகுதி, தரை நிலையிலும் 91 கிலோயூல்/மூல் உயர்ந்த அருட்டப்பட்ட இலத்திரன் நிலையில் உருவாகும். அவ்வாறாயின் இயக்கத்துக்கு எஞ்சுவது 155 − 91 = 64 கிலோயூல்/மூல். அப்போது ஐதரசனின் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 11 கிலோமீற்றராகும். இதனாலேயே பரிசோதனையில் இரு வேறு வேகங்களுடைய ஐதரசன் அணுக்கள் பெறப்படுகின்றன. துண்டுகளின் வேகத்தை அளந்தால் அகச் சக்தியைக் கணிக்கலாம் என்பது இதிலிருந்து புலனாகும்.

துண்டு தனியணுவாயின் அதற்கு அதிர்வோ சுழற்சியோ இல்லை. ஆனால் மெதைல் அயடைட்டு பிரியும்போது உண்டாகும் மெதைல் துண்டு நான்கு அணுக்களைக் கொண்டது. எனவே அது அதிர்வுச் சக்தியையும் சுழற்சிச் சக்தியையும் கூடப் பெறலாம்.

நினைவிற் கொள்க
முதலில் மிகைச் சக்தியிலிருந்து அகச் சக்தியைக் கழிக்க. எஞ்சியதை மட்டுமே திணிவுகளின் நேர்மாறு விகிதத்தில் பங்கிடுக. சமமாயிருப்பது உந்தமே, சக்தியன்று.

பயிற்சி: ஐதரசனுக்குப் பதிலாகத் திணிவெண் 2 உடைய அதன் சமதானி இருப்பின், அது பெறும் இயக்கப்பாட்டுச் சக்தியின் பங்கு யாது?
(விடை: 127/129)