எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வையுங்கள்

போன கார்த்திகையில் பீரோவைத் திறந்தபோது அடித்தட்டில் இருந்த கைப்பை வெளுத்துக் கிடந்தது. செம்பழுப்புத் தோலின்மேல் யாரோ கோலமாவை ஊதிவிட்டது போல ஒரு வெள்ளை. மூன்று நாளாக விடாத மழை. பூஞ்சை பிடித்துவிட்டது, வேறென்ன என்று மூக்கைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்குத் தூக்கிப் போனேன்.

முகர்ந்து பார்த்தால் பூஞ்சை வாடை இல்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பூஞ்சை என்றால் பஞ்சுபோல் எழும்பி நிற்கும், வட்டம் வட்டமாகப் படரும். இது மெழுகு தேய்த்தாற்போல் தட்டையாக இருந்தது; தோல் மடியும் இடங்களில் கொஞ்சம் தடிமன். ஹேர் டிரையரை ஒரு சாண் தள்ளிப் பிடித்து இளஞ்சூட்டில் சில விநாடி காட்டினேன். கண்ணெதிரே வெள்ளை உருகி மறைந்தது. பூஞ்சை உருகாது. கொழுப்புதான் உருகும்.

அந்தக் கொழுப்பைப் பூசியவள் நான்தான். நியூஜெர்சியில் பல வருஷம் இருந்துவிட்டு ஊர் திரும்பிய சித்தி, அங்கே ஒரு பழைய பொருள் கடையில் வாங்கிய பை அது. என் கைக்கு வந்தபோது வறண்டு, சொரசொரவென்று இருந்தது. தேங்காயெண்ணெயை எடுத்து, பச்சைக் குழந்தைக்குத் தடவுவதுபோல் தடவினேன். அன்றைக்குப் பளபளவென்றுதான் இருந்தது. ஆனால் தேங்காயெண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரி செல்சியஸில் உறையத் தொடங்கிவிடும். ஏசி அறை பீரோவில் இருந்த பைக்குள் ஊறிய எண்ணெய், குளிரில் உறைந்து மேலே பூத்து வந்திருக்கிறது.

அறுந்த வாரைத் தைக்கக் கொடுக்கப் போனபோது, தெருமுனையில் செருப்புத் தைக்கும் பெரியவர் பையை விரலால் ஒருமுறை வழித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏம்மா, சாமி விளக்கா இது, எண்ணெய் ஊத்திக்கிட்டே இருக்கறதுக்கு?”

நம் கை அப்படிப் பழகியது. கதவு கிரீச்சிட்டால் எண்ணெய், தலை காய்ந்தால் எண்ணெய், புதுச் செருப்பு கடித்தால் விளக்கெண்ணெய். தோலும் வறண்டால் எண்ணெய் கேட்கிறது என்றுதான் நினைக்கத் தோன்றும். கைப்பையாக மாறிய தோலுக்குத் தாகம் எடுப்பதில்லை. அதற்குள் இருக்கும் எண்ணெய்க் கணக்கு, அது தோல் தொழிற்சாலையை விட்டு வெளியேறும் முன்பே தீர்க்கப்பட்டுவிட்டது.

பச்சைத் தோலின் பெரும்பகுதி கொலாஜன் என்ற புரதம். மூன்று சங்கிலிகள் கயிறுபோல் முறுக்கிக்கொண்ட மூலக்கூறு. அவை சேர்ந்து இழை, இழைகள் சேர்ந்து கற்றை, கற்றைகள் தாறுமாறாகப் பின்னிப் பின்னித் தோல். அப்படியே விட்டால் அழுகும். காயவைத்தால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மேளத்துத் தோல் மாதிரி விறைத்துவிடும். பதனிடுவது இந்த இழைகளுக்கிடையே குறுக்குக் கட்டுப் போடும் வேலை. மரப்பட்டை, காய்களில் உள்ள துவர்ப்புப் பொருளால் போடலாம். நம் ஊரில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் அதற்குத்தான் போயின. குரோமிய உப்பாலும் போடலாம். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் வெளிர்நீல ஈரத்தோல் அடுக்கியிருப்பதைப் பார்த்திருப்பீர்களே, அது குரோமியத்தின் நிறம்.

கட்டுப் போட்டதோடு முடியவில்லை. பெரிய மரப்பீப்பாயில் தோலைப் போட்டு, தண்ணீரில் கலந்த எண்ணெய்க் குழம்பை ஊற்றிச் சுழலவிடுவார்கள். வேகவைத்த சேமியாவில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டுக் கிளறினால் இழைகள் ஒட்டாமல் உதிர் உதிராக நிற்கும் இல்லையா, அதே கதை. எண்ணெய் ஒவ்வோர் இழையின் மேலும் மெல்லிய பூச்சாகப் படிந்து, வளைக்கும்போது ஒன்றின்மேல் ஒன்று வழுக்க விடுகிறது. தோலின் மென்மை அந்தப் பூச்சில் இருக்கிறது. ஆறிப்போன சேமியாவின் தலையில் அரைக் கிண்ணம் எண்ணெய் ஊற்றினால் என்ன ஆகும்? அதைத்தான் நான் பைக்குச் செய்தேன். அருங்காட்சியகங்களில் ஒரு காலத்தில் தோல் பொருள்களுக்கு வருஷம் தவறாமல் எண்ணெய் பூசிவந்தார்கள். கறுப்பதும், பிசுபிசுப்பதும், தூசி ஒட்டுவதும், வெள்ளை பூப்பதும் கண்டு இப்போது பெரும்பாலும் விட்டுவிட்டார்கள்.

சித்தியின் பை கோச் கம்பெனியின் பழைய சரக்கு. பழைய பைகளைத் தேடி வாங்கிச் செப்பனிடுவோர் மத்தியில் அதற்கென்று தனிக் கூட்டமே உண்டு; காரணம் அதன் கட்டுமானம். 1941-ல் நியூயார்க்கின் மன்ஹாட்டனில் ஒரு மாடிப் பட்டறையில் தொடங்கிய நிறுவனம் அது. பர்ஸ் போன்ற சின்னச் சாமான்கள்தான் முதலில் செய்தார்கள். பின்னால் அதை நடத்திய மைல்ஸ் கான், பேஸ்பால் கையுறையைக் கவனித்தார். அடிபட அடிபட அது கிழியவில்லை, பதமாகிக்கொண்டே போனது. அந்த மாதிரித் தோலில் பை செய்யலாம் என்றவர் அவர் மனைவி லில்லியன். 1962-ல் பானி காஷின் என்ற ஆடை வடிவமைப்பாளரை அழைத்துவந்தார்கள். அவர் தன் திறந்த காரின் துணிக்கூரையைப் பூட்டும் பித்தளைத் திருகைப் பையில் கொண்டுவந்து வைத்தார். இன்றும் அந்தத் திருகுப்பூட்டுதான் அதன் அடையாளம். (கான் தம்பதி 1985-ல் கம்பெனியை விற்றார்கள். அதன்பின் நியூயார்க் மாநிலத்தில் அவர்களுடைய வேலை ஆட்டுப் பண்ணை. ஆடு வளர்த்தது தோலுக்காக இல்லை, பாலுக்காக. பாலாடைக்கட்டி செய்து விற்றார்கள்.)

அந்தக் காலத்துப் பைகளுக்கு உள்துணி கிடையாது, நடுவே அட்டை கிடையாது. கெட்டியான மாட்டுத்தோல், நூல், பித்தளை, அவ்வளவுதான். சாயமும் மேல்பூச்சாக நிற்காமல் தோலுக்குள் ஊறியிருக்கும். அதனால்தான் அந்தக் கூட்டத்தார் சர்வசாதாரணமாக ஒரு காரியம் செய்கிறார்கள்: பையை அப்படியே தண்ணீரில் முக்குகிறார்கள்.

எனக்குக் கேட்டபோது வயிற்றைக் கலக்கியது. பிறகு துணிந்தேன். பிளாஸ்டிக் தொட்டியில் பச்சைத் தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம் நாலைந்து சொட்டு. சோப்புக்கட்டியும் துவைக்கும் தூளும் ஆகாது. தோல் அமிலத்தன்மை உள்ளது, அவை காரம். பதனிட்ட கட்டுகளையே தளர்த்திவிடும். வெந்நீர் அதைவிட மோசம். ஈரத்தில் சூடு ஏறினால் கொலாஜனின் முறுக்கு ஒரு கட்டத்தில் சட்டென்று அவிழ்ந்து சுருங்கிவிடும். பச்சைத் தோலுக்கு அந்தச் சூடு 60 முதல் 65 டிகிரி, பட்டையில் பதனிட்டதற்கு 75, 80. நல்ல குரோம் தோல் 100 வரைகூடத் தாங்கும். ஆனால் தோல் மூப்படைய மூப்படைய இந்த எண் இறங்கிக்கொண்டே வரும். சுருங்கிய தோலை விரிக்க வழியே இல்லை.

பை மூழ்கியதும் ஓரங்களிலிருந்து சின்னச் சின்னக் குமிழ்கள் வந்தன. பத்து நிமிஷத்தில் தண்ணீர் டிகாக்‌ஷன் நிறத்துக்கு மாறிவிட்டது. அதில் பாதி சாயம், பாதி அழுக்கு. கைப்பிடியை விரலால் நீவியபோது பல வருஷத்து உள்ளங்கை வியர்வை கறுப்பாக வழிந்தது. இரண்டு முறை அலசி, பழைய பருத்தித் துண்டுகளைச் சுருட்டி உள்ளே திணித்து, வடிவம் நிமிர்த்தி, நிழலில் மின்விசிறிக் காற்றில் வைத்தேன். செய்தித்தாளைத் திணிக்காதீர்கள், மை ஒட்டும். வெயிலில் வைப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம். மூன்றாம் நாள் அப்பளம் மாதிரி விறைப்பாகக் காய்ந்திருந்தது. கையில் வைத்து மெல்ல மடித்து, நீட்டி, பிசைந்து கொடுக்கக் கொடுக்க இழைகள் பிரிந்து இளகின. அதன்பிறகுதான் தோல் பராமரிப்புக் களிம்பு. அதுவும் எண்ணெய், மெழுகு, நீர் சேர்ந்த குழம்புதான். பட்டாணியளவு எடுத்துத் துணியில் தேய்த்து, பை முழுக்கப் பரப்பி, ஒரு நாள் விட்டு மிச்சத்தைத் துடைத்தெடுத்தேன். வருஷத்துக்கு ஒருமுறைக்கு மேல் வேண்டியதில்லை.

இதைப் படித்துவிட்டு உங்கள் வீட்டுப் பையைத் தொட்டியில் போட்டுவிடாதீர்கள். உள்துணியும் அட்டையும் வைத்த பை ஊறினால் பசை விட்டு, அட்டை உப்பி, குப்பைக்குத்தான் போகும். அதைவிட முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. அதில் நம் மண்ணுக்கும் பங்கிருக்கிறது.

பட்டையில் பதனிட்ட மிகப் பழைய தோலைத் தொட்டால் சில நேரம் விரலில் செங்கல்பொடி மாதிரி ஒட்டும். காற்றிலுள்ள கந்தக வாயு தோலுக்குள் அமிலமாக மாறி, இழைகளைத் துண்டு துண்டாக அறுத்ததன் விளைவு. எரிவாயு விளக்கின் புகைக்கும் புத்தக அட்டைத் தோல் உதிர்வதற்கும் தொடர்பிருக்கிறது என்று 1843-லேயே மைக்கேல் ஃபாரடே சுட்டிக்காட்டினார். பின்னர் லண்டன் கலைச் சங்கம் ஒரு குழு போட்டு ஆராய்ந்து 1901-ல் அறிக்கை தந்தது. வெகு சீக்கிரம் உதிர்கிறவை என்று அது கண்டவற்றில், வியாபாரத்தில் ‘பாரசீகத் தோல்’ என்று பெயர் பெற்ற ஆட்டுத்தோல்கள் முக்கியம். பெயர்தான் பாரசீகம். சரக்கு நம் சென்னை மாகாணத்தது, பதம் நம் ஆவாரம்பட்டை. துவர்ப்புப் பொருள்களில் இரண்டு குடும்பம் உண்டு. ஆவாரம்பட்டை சேர்ந்த குடும்பம் கந்தக வாயுவை எளிதில் உறிஞ்சிக்கொள்கிறது. நீரிழிவுக்கு ஆவாரம்பூ குடித்துக்கொண்டே இதை எழுதுவது சங்கடமாகத்தான் இருக்கிறது.

அப்படிச் செம்பொடி உதிரும் தோலில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் அந்த இடம் கறுத்துக் கருகி விறைத்துப்போகும். ஆக, ஒரு பையைப் பிழைக்கவைத்த அதே தண்ணீர் இன்னொன்றைக் கொன்றுவிடும். பழைய பை கையில் வந்ததும் முதலில் வெள்ளைத் துணியால் வறட்டுத் துடைப்பு ஒன்று துடைத்துப் பார்ப்பது இதற்காகத்தான். பிறகு கண்ணில் படாத ஓரத்தில் ஈர விரலை வைத்துப் பாருங்கள். உடனே உறிஞ்சிக் கறுத்தால் அது பூச்சில்லாத தோல், கறை எதுவும் ஆழத்துக்கு இறங்கும். நீர் முத்தாக நின்றால் மேலே நிறப்பூச்சு இருக்கிறது. ஈரத்துணியால் துடைத்தாலே போதும், எந்தக் களிம்பும் உள்ளே போகப்போவதில்லை.

தோலே இல்லாத பைகளும் சந்தையில் தோல் என்ற பெயரில் வரும். வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். பிசிறு பிசிறாக நார் தெரிந்தால் தோல். நெய்த துணியின்மேல் பளபளப்பான ஏடு தெரிந்தால் பாலியூரித்தேன். அந்த ஏட்டின் மூலக்கூறுகளைக் காற்றின் ஈரமே மெல்ல மெல்ல உடைத்துவிடும். உபயோகிக்காமல் பொத்திவைத்த பையும் ஒருநாள் வெயிலில் காய்ந்த முதுகுபோல் உரியும். உரிந்தால் அவ்வளவுதான், எந்தக் கைவைத்தியமும் கிடையாது.

பித்தளைக்கு வருவோம். பூட்டைச் சுற்றி, ஆணிகளின் அடியில் பச்சையாக மெழுகுபோல் ஒன்று அப்பியிருந்தது. செம்பில் களிம்பு பிறக்கும்போதே கலந்தது என்பார்கள் சைவ சித்தாந்திகள். இந்தக் களிம்பு நாம் வரவழைத்தது. தோலில் பூசும் எண்ணெயின் கொழுப்பமிலம் பித்தளையிலுள்ள செம்போடு சேர்ந்து உருவாகும் ஒருவகைச் சோப்பு அது. எண்ணெய் கூடக்கூடப் பச்சையும் கூடும். பல்குத்தும் குச்சியால் நெம்பியெடுத்து, பஞ்சால் துடைத்தால் வந்துவிடும். குத்துவிளக்கு தேய்த்த பழக்கத்தில் புளியை எடுத்தால், அந்தச் சாறு வழிந்து தோலில் கறை போடும். முலாம் பூசிய பூட்டாக இருந்தால் முலாமும் சேர்ந்து போகும்.

வாரை நான் தைக்கவில்லை. அந்தப் பெரியவர்தான் தைத்தார். பிரிந்த நூலைக் குறடால் ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டு, நூலில் மெழுகு ஏற்றி, இரண்டு முனையிலும் ஊசி கோத்து, ஒரே துளைக்குள் இந்தப் பக்கமிருந்து ஒன்று, அந்தப் பக்கமிருந்து ஒன்று. புதுத் துளை ஒன்றுகூடப் போடவில்லை. பழைய ஓட்டையைத் தேடித் தேடி ஊசி இறங்கியது. புதிதாகக் குத்தினால் தபால்தலை ஓரம் மாதிரி ஆகி அடுத்த இழுப்பில் நீளமாகக் கிழியும் என்றார். இப்படித் தைத்ததில் ஒரு நூல் அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். இயந்திரத் தையலில் ஓரிடம் விட்டால் வரிசையாக விட்டுக்கொண்டே போகும்.

பை இப்போது பீரோவில் இல்லை. காற்றின் ஈரப்பதம் 65, 70 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை முளைக்கும். மழைக்காலச் சென்னையில் மூடிய இரும்புப் பெட்டிக்குள் வேறென்ன முளைக்கும்? பிளாஸ்டிக் உறைக்கும் அதே கதிதான். பழைய தலையணை உறைக்குள் போட்டு, உள்ளே ஒரு துண்டைத் திணித்து, திறந்த அலமாரியில் உட்காரவைத்திருக்கிறேன். வாரைப் பிடித்துத் தொங்கவிட்டால் வார் நீளும்.

தைமாதம் சித்தி வந்தார். உறையைக் கழற்றி, பூட்டைத் திருகிப் பார்த்தார். கைப்பிடியை வருடினார். “புதுசு மாதிரி ஆக்கிட்டியேடி” என்றவர், மூடியின் ஓரத்தில் உள்ளங்கையகலத்துக்கு இருந்த கருந்திட்டின்மேல் விரலை வைத்தார். எத்தனை அலசியும் போகாத தேங்காயெண்ணெய் அது.

“இது என்கிட்ட இருந்தப்ப இல்லையே?”

“காபி போடட்டுமா சித்தி?” என்றேன்.