மரச்சில்லு விற்பனையில் ஆஸ்திரேலியாவை முந்திய வியட்நாம்!

தச்சர் மரம் அறுக்கிறார், தூள் கொட்டுகிறது. இழைக்கிறார், சுருள் சுருளாகச் சிராய் விழுகிறது. அதை அள்ளி அடுப்பு எரிக்கிறோம்.

இப்படிப்பட்ட தூளையும் துண்டையும் கப்பலில் ஏற்றி, கோடிக் கணக்கில் பணம் சேர்க்கும் நாடுகள் இருக்கின்றன. அவற்றில் இரண்டைப் பார்ப்போம். ஒன்று ஆஸ்திரேலியா, மற்றொன்று வியட்நாம்.

மரச்சில்லு என்பது என்ன?

மரத்தின் பட்டையை உரித்து எந்திரத்தில் கொடுத்தால், அது சிறு சிறு துண்டுகளாக வெட்டித் தள்ளும். அதுதான் மரச்சில்லு. அதை வேக வைத்துக் கூழாக்கி, காகிதம் செய்கிறார்கள். அதிகமாக வாங்குகிறவர்கள் சீனாவும் ஜப்பானும்.

ஊட்டி மரம்

ஆஸ்திரேலியாவில் ஈடன் என்ற துறைமுகம் இருக்கிறது. 1970-ம் ஆண்டு வாக்கில் அங்கிருந்து ஜப்பானுக்குச் சில்லு போகத் தொடங்கியது. பிறகு பல ஆண்டுகள் உலகில் ஆஸ்திரேலியாவுக்கே முதல் இடம்.

முதலில் காட்டு மரங்களை வெட்டினார்கள். "காடு அழிகிறது" என்று மக்கள் எதிர்த்தார்கள். எனவே, தோட்டம் போட்டு மரம் வளர்த்தார்கள். என்ன மரம் தெரியுமா? ஊட்டியில் நாம் பார்க்கும் தைல மரம்தான்! 1843-ம் ஆண்டில் ஊட்டியில் நடப்பட்ட அந்த மரத்தின் தாயகம் ஆஸ்திரேலியா.

2009-ம் ஆண்டில் அடி விழுந்தது. பொதுமக்களிடம் பணம் திரட்டித் தோட்டம் போட்ட டிம்பர்கார்ப், கிரேட் சதர்ன் என்ற இரண்டு பெரிய கம்பெனிகள் நொடித்துப் போயின. 2011-ம் ஆண்டில் வியட்நாம் முந்திக் கொண்டது.

இரவல் மரம்

வியட்நாமில் வளர்ப்பது அகேசியா மரம். இது நம் ஊர் வேல மரத்துக்கு உறவு. இரண்டு வகை அகேசியா கலந்து பிறந்த கலப்பு மரம் அது. அந்த இரண்டு வகைகளும் வட ஆஸ்திரேலியாவில் இயற்கையாக வளர்பவை. ஆம்! ஆஸ்திரேலியாவின் மரத்தை வைத்தே ஆஸ்திரேலியாவை முந்தி விட்டது, வியட்நாம்!

வருமானம் எவ்வளவு?

2022-ம் ஆண்டில் வியட்நாம் ஏற்றுமதி செய்த சில்லு, உலர்ந்த எடையில் சுமார் 158 லட்சம் டன். கிடைத்த பணம் சுமார் 280 கோடி அமெரிக்க டாலர்.

மரத்தூளை இறுக்கிச் சிறு குச்சிகளாக்கி விற்றதில் இன்னொரு 79 கோடி டாலர். ஜப்பானும் தென் கொரியாவும் அதை வாங்கி எரித்து, மின்சாரம் எடுக்கின்றன.

ஆஸ்திரேலியாவுக்குச் சில்லு மூலம் ஆண்டுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 100 கோடி ஆஸ்திரேலிய டாலர். அமெரிக்க டாலரில் 70 கோடி அளவுதான். ஆனால், தைல மரச் சில்லில் கூழ் அதிகம் கிடைக்கும். எனவே, டன்னுக்கு வழக்கமாக அதற்கே விலை கூடுதல்.

வியட்நாமின் வருமானமும் நிலையானது அல்ல. மறு ஆண்டே சில்லு விலை சரிந்து, சுமார் 220 கோடி டாலராகக் குறைந்தது.

காத்திருந்தால் லாபம்

ஆஸ்திரேலியாவில் மரம் பெரிய கம்பெனிகளின் கையில் இருக்கிறது. வெட்டுவதற்குப் பத்து ஆண்டுகளுக்கு மேல் காத்திருப்பார்கள். வியட்நாமில் மரம் வளர்ப்பவர்களில் பெரும்பாலோர், ஒன்று இரண்டு ஹெக்டேர் வைத்திருக்கும் ஏழைக் குடியானவர்கள். நான்கு ஐந்து ஆண்டுகளிலேயே வெட்டி விடுகிறார்கள்.

பத்து ஆண்டு விட்டால் மரம் பருக்கும். பலகை அறுக்கலாம், மேஜை, நாற்காலி செய்யலாம். விலையும் கூடுதலாகக் கிடைக்கும். மேஜை நாற்காலிகளை உலகுக்கே விற்கும் வியட்நாம், அதற்கு வேண்டிய மரத்தில் ஒரு பகுதியை வெளிநாட்டில் இருந்து வாங்குகிறது!

"பிறகு ஏன் காத்திருக்கவில்லை?" என்று கேட்கலாம். புயல் வந்தால் மரம் முறிந்து விடும். கடன்காரர் காத்திருக்க மாட்டார். பிள்ளைகளின் படிப்புச் செலவும் இருக்கிறது.

சில்லு ஏற்றுமதியைக் கட்டுப்படுத்த, 2016-ம் ஆண்டில் அரசு 2 சதவீத வரி போட்டது. குவாங் திரி மாகாணத்தில் குடியானவர்கள் குழுவாகச் சேர்ந்து, "காட்டுக்குக் கேடு இல்லாமல் வளர்த்த மரம்" என்று உலகத் தரச்சான்று பெற்றார்கள். அவர்கள் மரத்தை நன்றாக வளரவிட்டு, பலகைக்கு விற்கிறார்கள். கூடுதல் விலை கிடைக்கிறது.

கப்பல் நிறையச் சில்லு அனுப்பி முதல் இடம் பிடித்தாயிற்று. இனி, அந்த மரத்தை வளர்த்தவர் கையில் நாலு காசு கூடுதலாக நிற்க வேண்டும். அதற்கு அவர் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்; காத்திருக்க அவருக்கு வசதியும் வேண்டும்!